வியட்நாமியமா, தகாலோகா: தமிழருக்கு எது எளிது?

நெய்தல்மகள்:
வேலை நிமித்தம் அடுத்த வருடம் மணிலா, ஹோ சி மின் நகரம் (பழைய சைகோன்) இரண்டில் ஒன்றுக்குப் போக வேண்டும். எது என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். எங்கே போனாலும் அந்த ஊர் மொழியை, மணிலா என்றால் தகாலோக், ஹோ சி மின் என்றால் வியட்நாமியம், பேசக் கற்றுக்கொள்ள ஆசை. இரண்டுக்கும் லத்தீன் எழுத்துதான், இரண்டும் ஒரே கடலின் இரு கரைகள், அதனால் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். தோழி ஒருத்தி இல்லவே இல்லை என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
யோசிக்காமல் மணிலாவுக்குப் போங்கள். பதினோரு வருடமாகக் கப்பலில் இருக்கிறேன், கூட இருப்பவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பினோக்கள். தகாலோக் காதில் விழுந்தே வந்துவிட்டது. சொற்களில் பாதி பழகிய முகம். மேசை அங்கே மெசா, ஈழத்தில் சொல்லும் சப்பாத்து அங்கே சபாத்தோஸ், நம் மாங்காய் மலாய் வழியாகப் போய் மங்கா ஆகியிருக்கிறது. பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் 'போ' என்று ஒன்று சேர்ப்பார்கள். நம் 'ங்க' மாதிரி. 'ஓபோ' என்றால் 'ஆமாங்க'.

வியட்நாமியம் சீனத்தின் பிள்ளை. 'மா' என்ற ஒரே அசை, சுரம் மாறினால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு பொருள். நம் காது இதற்குப் பழகவில்லை.

சைகோன்வாசி:
கடலோடி அண்ணன் சொற்களைத்தான் எண்ணுகிறார். மொழி வினைச்சொல்லில் இருக்கிறது. வியட்நாமியத்தில் 'அன்' என்றால் சாப்பிடு. நேற்று, இன்று, நாளை, நான், அவள், அவர்கள் எதற்கும் அது மாறாது. தேவைப்பட்டால் முன்னால் 'டா', 'டாங்', 'ஸே' என்று காலம் காட்டும் சொல் ஒன்றை வைத்தால் போதும். நான் இங்கே வந்த மூன்றாவது வாரமே தொழிற்சாலையில் என் வேலையைப் பேசியே முடித்துக்கொண்டேன். தகாலோகில் 'காயின்' (சாப்பிடு) என்ற சொல்லை அண்ணன் இங்கே விரித்துக் காட்டட்டும்.

கடலோடி:
காட்டுகிறேன். குமாயின், சாப்பிட்டார். குமாகாயின், சாப்பிடுகிறார். காகாயின், சாப்பிடுவார். சொல்லுக்கு நடுவே 'உம்' நுழைகிறது, முதல் அசை இரட்டிக்கிறது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒழுங்கு உண்டு. சாப்பிட்டேன், சாப்பிடுகிறேன் என்று வினையைத் திரித்தே வளர்ந்தவர்களுக்கு இதுவா கஷ்டம்?

சைகோன்வாசி:
அது பாதிதான். 'மீன் வாங்கினேன்' என்றால் புமிலி. மீன்தான் பேச்சின் மையம் என்றால் பினிலி. 'அம்மாவுக்காக' என்று அம்மாவை மையமாக்கினால் இபினிலி. எதை முன்னிறுத்துகிறோமோ அதற்கேற்ப வினையே மாறுகிறது. தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

கடலோடி:
உண்டு. 'மீன் வாங்கினேன்' என்பதற்கும் 'மீனை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். முதலாவது ஏதோ கொஞ்சம் மீன். இரண்டாவது நாம் பேசிக்கொண்டிருந்த அந்த மீன். 'புமிலி அகோ நங் இஸ்டா' முதலாவது, 'பினிலி கோ அங் இஸ்டா' இரண்டாவது. நாம் ஒரு 'ஐ' போட்டுச் சொல்வதை அவர்கள் வினையில் சொல்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த என் கப்பல் அதிகாரி ஒருவருக்கு இது பிடிபடவே இல்லை. எனக்கு ஒரு சாயங்காலத்தில் புரிந்தது. இபினிலி கொஞ்சம் தள்ளி வரும், ஒத்துக்கொள்கிறேன்.

வேர்ச்சொல்:
ஒரு திருத்தம். வியட்நாமியம் சீனத்தின் பிள்ளை அல்ல, கடன் மட்டும் நிறைய வாங்கிய மொழி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: மோட், ஹாய், பா, போன். கம்போடியாவின் கெமெர் மொழியில் முவோய், பீ, பெய், புவோன். இரண்டும் ஆஸ்ட்ரோ ஆசியக் குடும்பம், நம் நாட்டுச் சந்தாலிக்கும் அதே குடும்பம்தான். சுரங்கள்கூட பிறவியிலேயே இருந்தவை இல்லை. சொல்லின் கடைசி மெய்கள் தேய்ந்து மறைந்தபோது அவற்றின் இடத்தில் சுரம் பிறந்தது என்று 1954ல் ஓத்ரிக்கூர் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார்.

தகாலோக் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். அதன் உறவு மடகாஸ்கர் முதல் ஹவாய் வரை பரவியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அதன் உறவுமொழி ஒன்று வியட்நாமுக்குள்ளேயே வாழ்கிறது: சம்பா அரசை ஆண்ட சாம் மக்களின் மொழி. ஆக, அண்டை நாடு என்பது உறவுக்குச் சான்றே இல்லை.

எழுத்தும் அப்படித்தான். வியட்நாமிய லத்தீன் எழுத்து போர்த்துக்கீசியப் பாதிரிமார் தொடங்கிய வேலை. 1651ல் ரோமில் அச்சான அலெக்சாந்தர் த ரோதின் அகராதி அதை நிலைநிறுத்தியது. தகாலோகுக்கு பாய்பாயின் என்று சொந்த எழுத்து இருந்தது. 1593ல் மணிலாவில் அச்சான கிறித்தவ போதனை நூலில் அதுவும் லத்தீனும் சேர்ந்தே இருக்கின்றன.

சைகோன்வாசி:
எழுத்தைச் சொன்னீர்கள், அது என் பக்கத்து வாதம். வியட்நாமியத்தில் சுரம் சொல்லின் தலையிலோ அடியிலோ குறியாக நிற்கிறது, குறியே இல்லாவிட்டால் அதுவும் ஒரு சுரம், பார்த்தால் தெரிந்துவிடும். தகாலோகில் முதல் அசையை அழுத்தி 'பாகா' என்றால் மாடு, இரண்டாவதை அழுத்தினால் 'ஒருவேளை'. எழுத்தில் இரண்டும் ஒன்றே.

இன்னொன்று, நெய்தல்மகள் அவசியம் கவனிக்க வேண்டியது. இங்கே 'நான்', 'நீ' என்று பொதுவாக ஒரு சொல்லை எல்லோரிடமும் சொல்ல முடியாது. உறவுச்சொல்தான் அந்த இடத்தில் வரும். அப்பாவின் அண்ணன் பாக், தம்பி சூ, தங்கை கோ. அம்மாவின் சகோதரர் கவ், சகோதரி யீ. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி என்று அப்படியே பொருந்துகிறது. தகாலோகில் ஆண் என்றால் எல்லோரும் தீத்தோ, பெண் என்றால் தீத்தா, அதுவும் ஸ்பானியத்திலிருந்து வந்தது. நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவை யீ என்று கூப்பிட்ட அன்றிலிருந்து தினமும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிறார்.

கடலோடி:
சித்தப்பா விஷயம் ஒத்துக்கொள்கிறேன். தகாலோகில் மூத்தவனைக் கூப்பிடும் 'கூயா' கூட ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. ஆனால் சுரத்தில் நான் மாறவில்லை. அழுத்தம் தவறினாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். சுரம் எல்லாச் சொல்லிலும் தவறினால் எதிரில் இருப்பவர் முகம் அப்படியே நின்றுவிடும். விடுமுறையில் ஒரு வாரம் ஹனோயில் இருந்தபோது எனக்கு நடந்தது.

நெய்தல்மகள்:
இரண்டு பேருக்கும் நன்றி. 'நாம்', 'நாங்கள்' பேதம் உண்டா?

வேர்ச்சொல்:
இரண்டிலும் உண்டு. தகாலோகில் தாயோ நாம், காமி நாங்கள். வியட்நாமியத்தில் சுங் தா நாம், சுங் தோய் நாங்கள்.

சைகோன்வாசி:
அண்ணன் பயப்படுத்தியது ஹனோயின் ஆறு சுரங்களை வைத்து. தெற்கில் இரண்டு ஒன்றாகிவிட்டன, ஐந்துதான். இங்கே வருவதாக இருந்தால் தெற்கத்தி உச்சரிப்பில் சொல்லித்தரும் ஆசிரியரையே தேடுங்கள். பாடப்புத்தக ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் வடக்கத்தி.

நெய்தல்மகள்:
பெரியப்பா, சித்தப்பாவைப் படித்ததும் மனம் சைகோன் பக்கம் போய்விட்டது. தெற்கத்தி ஆசிரியர் கிடைக்கிறாரா என்று இந்த வாரமே தேடுகிறேன். கிடைக்காவிட்டால் கடலோடி அண்ணா, அந்த இபினிலியை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.