பெரியப்பாவின் முழங்கால்

பெரியப்பா: முழங்கால் குடைகிறது, மழை வரும் என்று நேற்றே சொன்னேன். வந்ததா இல்லையா?

பெரியம்மா: போன வாரம் முழுவதும்தான் குடைந்தது. ஒரு தூறல் இல்லை. அதை நம் குடும்ப அரட்டைக் குழுவில் போடவில்லையே?

பெரியப்பா: அது மாடிப்படி ஏறிய வலி. வேறு கணக்கு.

நான்: அந்த "வேறு கணக்கு"தான் சிக்கல், பெரியப்பா. மழையோடு வந்த வலி நினைவில் தங்கிவிடுகிறது. மழையில்லாமல் வந்த வலிக்கு ஒரு மாடிப்படி கிடைத்துவிடுகிறது. ரெடல்மயர், ட்வெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள், மூட்டுவாதக்காரர்கள் 18 பேரை 15 மாதங்கள் கவனித்து 1996-இல் எழுதியிருக்கிறார்கள். வலிக்கும் வானிலைக்கும் தொடர்பே தென்படவில்லை.

அண்ணன்: இது எப்படிக் கிடைத்தது? தேடலில் என்ன தட்டினாய்?

நான்: "மூட்டுவலிக்கும் மழைக்கும் தொடர்பில்லை."

அண்ணன்: சரிதான். தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சியைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் "தொடர்பு உண்டு" என்று தட்டினேன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் 2,658 பேரின் கைப்பேசிப் பதிவுகளை அலசி 2019-இல் வெளியிட்ட ஆய்வு வந்தது. ஈரப்பதம் கூடி, காற்றழுத்தம் குறைந்த நாட்களில் வலி சற்று அதிகமாம்.

பெரியப்பா: கேட்டுக்கொள்ளுங்கள் எல்லோரும்! 👍👍

பெரியம்மா: "சற்று" என்பதைத் தாண்டிக் குதித்துப் படித்துவிட்டீர்கள்.

நான்: குட்டு எனக்கும்தான். தன் கருத்துக்கு எதிரான செய்தி கண்ணில் பட்டால் உடனே குறித்துவைத்துவிடுவேன் என்று டார்வின் தன் வரலாற்றில் சொல்கிறார். சாதகமானதைவிட அதுதான் சீக்கிரம் மறந்துபோகுமாம். நான் குறிப்பது இருக்கட்டும், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தி: முன்பின் தெரியாத 2,658 பேர் இருக்கட்டும். அத்தானின் முழங்கால் என்ன சொல்கிறது? ஒரு தாளில் குறித்துப் பார்த்தால் போயிற்று.

நான்: நான்கு கட்டம் போட வேண்டும், சித்தி. வலித்து மழை பெய்தது, வலித்தும் பெய்யாதது, வலிக்காமலே பெய்தது, இரண்டும் இல்லாதது. நாம் பேசுவது முதல் கட்டத்தை மட்டும். வலியும் இல்லை, மழையும் இல்லை என்று எவராவது குழுவில் செய்தி போடுவார்களா?

அண்ணன்: வலியைக் காலையில் எழுந்ததும் சொல்லிவிட வேண்டும், ஜன்னலைத் திறக்கும் முன்பே. வானிலைச் செய்தியும் பார்க்கக் கூடாது. மழையை இரவில் வேறொருவர் எழுதட்டும். மாடிப்படி, நடை என்று பக்கத்தில் விளக்கம் சேர்க்க அனுமதி இல்லை.

பெரியப்பா: பேனா யாரிடம் இருக்கும்?

பெரியம்மா: என்னிடம்.

மறுநாள், இரவு 9:40

பெரியம்மா: முதல் நாள். காலையில் வலி உண்டு என்றார். மழை?

பெரியப்பா: இன்னும் வரவில்லை.

பெரியம்மா: "இல்லை" என்று எழுதிவிட்டேன். "இன்னும்" என்பதற்குக் கட்டம் கிடையாது.