எல்லா கேள்விக்கும் 'ஆமாத்தா'ன்னே சொல்றாங்க, இந்த ஸ்கோர நம்பலாமா?

உசிலம்பட்டி பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல எம்எஸ்சி நர்சிங் ரெண்டாவது வருசம். பிபி, சுகருக்கு மாத்திரை சாப்பிடுறவங்க மனசுல மாத்திரைய பத்தி என்ன இருக்குங்கிறதுதான் தீசிஸ். சீனியர் அக்கா குடுத்த டிஏஐ-10 (மருந்த பத்தின மனப்பான்மைய அளக்குற பத்து ஆமா/இல்ல கேள்வி), அத நானே தமிழ்ல மாத்தி எங்க ஊர்ப்பக்கம் 20 பேர்ட்ட பைலட்டா (வெள்ளோட்டமா) கேட்டேன், பாதிப் பேருக்கு மேல பத்துக்கும் ஆமா. ஒரு அப்பத்தா வெத்தல இடிச்சுக்கிட்டே 'மருந்து சாப்பிட்டா நல்லாருக்கா'ன்னாலும் ஆமாத்தா, 'சாப்பிட்டா அசதியா இருக்கா'ன்னாலும் ஆமாத்தா. கூட்டிப் பாத்தா +2, பாசிட்டிவ்னு வருது. ஆனா கெளம்பும்போது பாக்குறேன், மாடக்குழில ரெண்டு மாத்திரை அட்டை, ஒண்ணு பாதி காலி, இன்னொண்ண பிரிக்கவே இல்ல. கைடுட்ட என்னன்னு சொல்றது?

வைகைக்கரை:
மொதல்ல டூலே தப்பும்மா. டிஏஐ 1983ல ஹோகன், அவாட், ஈஸ்ட்வுட் மூணு பேரும் ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனநோய் பேஷண்டுகளுக்காக பண்ணது, முழுசு 30 கேள்வி, நீங்க வச்சிருக்கது சுருக்கம். அதுல 6 கேள்விக்கு ஆமான்னா +1, 4 கேள்விக்கு இல்லைன்னா +1, மாத்தி சொன்னா -1. எல்லாத்துக்கும் தலையாட்டுனா ஆறுல நாலு கழிஞ்சு +2 வராம என்ன வரும், அது அப்பத்தா ஸ்கோர் இல்ல, தலையாட்டுன ஸ்கோர்.

பிஎம்க்யூ பாருங்க, மருந்த பத்தின நம்பிக்கைய கேக்குற கேள்வித்தாள், 1999ல ராப் ஹோர்ன் டீம் போட்டது, எந்த நோய்க்கும் ஒத்துவரும். இது இல்லாம முடியாதுங்கிற நினைப்புக்கு 5 கேள்வி, இதனால என்னமும் ஆயிருமோங்கிற பயத்துக்கு 5, ஒவ்வொண்ணுக்கும் 1 (ஒத்துக்கவே மாட்டேன்) லருந்து 5 (முழுசா ஒத்துக்கறேன்) வரைக்கும் மார்க். மொதல்ல இருந்து ரெண்டாவத கழிச்சு ஒரே நம்பரா போட்டுறாதீங்க. எங்கப்பா நாலு நாள் சாப்பிட்டு ஒரு நாள் 'கிட்னிக்கு ரெஸ்ட்'னு விட்ருவாரு, மாத்திரை இல்லாட்டி ஸ்ட்ரோக் வரும்னும் நம்புறாரு, சாப்பிட்டா கிட்னி போயிரும்னும் நம்புறாரு. அவருக்கும் சைபர்தான் வரும், ரெண்டயும் கண்டுக்காத ஆளுக்கும் சைபர்தான் வரும். ரெண்டு ஆளும் ஒண்ணா?

பிஎம்க்யூக்கு பெர்மிஷன் மெயில் போட்டு வாங்கிருங்க. மோரிஸ்கி 8 கேள்விய யாராச்சும் நீட்டுனா தொடாதீங்க, லைசென்ஸ் இல்லாம யூஸ் பண்ணா வம்பு, அதுவும் போக அது ஒழுங்கா சாப்பிடுறாங்களான்னு பாக்குறது, நினைப்ப பாக்குறது இல்ல.

திருமங்கலம் மெடிக்கல்ஸ்:
தங்கச்சி, 'மருந்து'ன்னா கேட்ட? அங்கதான் இருக்கு. நம்ம பக்கம் பருத்திக்கு அடிக்கிறதும் மருந்துதான். மருமக சோத்துல மருந்து வச்சிட்டா, அத எடுக்கணும்னு ஆளத் தேடிப் போறதும் மருந்துதான். 'மருந்தக் குடிச்சிட்டான்'னா ஊர்ல என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும். அந்த வார்த்தைய வச்சு 'மருந்து ஒடம்புக்குக் கெடுதலா'ன்னா எவன் இல்லம்பான். மாத்திரைன்னே கேளு, 'பிபிக்கு சாப்பிடுறீங்கள்ல, இந்த மாத்திரை'ன்னு அட்டைய கைல எடுத்துக் காட்டிக் கேளு. வெள்ளக் கோட்டு போட்டுப் போகாத, டீச்சருக்கு பதில் சொல்ற மாதிரி சொல்லுவாய்ங்க. எழுதுன தமிழ, ஒரிஜினல பாக்காத ஒரு ஆள்ட்ட குடுத்து திரும்ப இங்கிலீசுல எழுதச் சொல்லு, எங்க கோளாறுன்னு தெரிஞ்சிரும்.

உசிலம்பட்டி பொண்ணு:
ரொம்ப நன்றிண்ணே, சார். சேலை கட்டிக்கிட்டு நேத்து திரும்பப் போனேன். பெர்மிஷன் இன்னும் வரல, அதனால ஃபார்ம் எதுவும் நீட்டல, சும்மா பேசத்தான். அந்த 'ஓரளவு ஒத்துக்கறேன்' மாதிரி பதில் எல்லாம் வாய்ல சொல்லிக் கேட்டா சரிப்படாதுன்னு அஞ்சு புளியங்கொட்டைய முன்னாடி வச்சு, எத்தன கொட்ட அளவுக்கு பயமா இருக்கு அப்பத்தான்னு கேட்டேன், ஒடனே நாலத் தள்ளுச்சு! அப்புறம் பிரிக்காத அட்டைய எடுத்துக் காட்டுனேன். 'அதத் தின்னா ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருதுத்தா, சந்தைக்கு பஸ்ல எப்படிப் போவேன்'னு ஒரே வரில முடிச்சிருச்சு. இத எந்த கட்டத்துல எழுதுறது?

வைகைக்கரை:
பயத்துக்கான அஞ்சுல ஒண்ணே இதுதாம்மா, மாத்திரையால அன்றாடப் பொழப்புக்கு எடைஞ்சலான்னு கேக்குறது. பெர்மிஷன் வந்ததும் அதுல வந்துரும், ஆனா அவங்க சொன்னத அப்படியே ஓரத்துலயும் எழுதி வச்சுக்கோங்க. புளியங்கொட்டைக்கு கைடுட்ட ஓகே வாங்குங்க, அப்புறம் எல்லாருக்கும் அதே முறைதான், பாதிப் பேருக்கு வாய்ல பாதிப் பேருக்கு கொட்டைலன்னா அனாலிசிஸ்ல மாட்டிக்குவீங்க.

திருமங்கலம் மெடிக்கல்ஸ்:
அது நீர் பிரியுற மாத்திரையா இருக்கும், பிபிக்கு சேத்து எழுதுறதுதான். அப்பத்தா அத விட்டுட்டாங்கன்னு அங்க நர்சம்மாட்ட மொதல்ல சொல்லிரு தங்கச்சி, நேரத்த மாத்தலாமா வேற குடுக்கலாமான்னு டாக்டர் பாத்துக்குவாரு. தீசிஸ் பொறவு.