ஒற்றை நுரையீரல் சுவாசம்: டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்தால் ஆக்சிஜன் அளவு கூடுமா?

கேள்வி – மயக்கவியல் முதுநிலை மாணவர்

வணக்கம். வலது நுரையீரலின் கீழ் மடலை அகற்றும் அறுவை சிகிச்சைகளில், நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து வலப்பக்கக் காற்றை நிறுத்திய அரை மணி நேரத்திற்குள், சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு) 99 சதவீதத்திலிருந்து 91 வரை இறங்குவதைப் பார்க்கிறேன். எங்கள் துறையில் முகரும் மயக்க மருந்தான செவோஃப்ளூரேன்தான் வழக்கம். அதனுடன், சிரை வழி செலுத்தும் அமைதிப்படுத்தும் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் சேர்க்கலாம் என்கிறார் ஒரு மூத்த மருத்துவர். சிரை வழி மயக்க மருந்தான ப்ரோபோஃபோலுக்கே மாறிவிடுவது நல்லது என்கிறார் இன்னொருவர். மருந்தை மாற்றுவதால் உண்மையில் எவ்வளவு பயன் கிடைக்கும்?

பதில் – நெஞ்சக அறுவை மயக்கவியல் மருத்துவர்

காற்று நின்ற நுரையீரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடுவதில்லை. அந்த ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே இதயத்தின் இடப்பக்கம் வந்து கலப்பதால்தான் சாச்சுரேஷன் இறங்குகிறது. ஆக்சிஜன் குறைந்த பகுதியின் ரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கி, ரத்தத்தை நல்ல நுரையீரலுக்குத் திருப்பிவிடும் என்பதை உடலியலாளர்கள் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளில் காட்டினார்கள். இந்தச் சுருக்கம் முதற்கட்ட வலுவைப் பெறவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். மேலும், வலது நுரையீரல் பெரியது. மொத்த ரத்த ஓட்டத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் அதற்குச் செல்வதால், வலப்பக்க அறுவையில் இறக்கம் கூடுதலாகவே இருக்கும்.

முகரும் மயக்க மருந்துகள் இந்தச் சுருக்கத்தை அளவுக்கேற்பத் தளர்த்துகின்றன. ஆயினும் 1 மேக் (அறுவைக் கீறலுக்குப் பாதி நோயாளிகள் அசையாதிருக்கப் போதுமான செறிவு) அளவில் தளர்வு சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஷன்ட், அதாவது ஆக்சிஜன் ஏறாமல் கலக்கும் ரத்தத்தின் பங்கு, 4 சதவீதம் அளவுக்கே கூடும். ப்ரோபோஃபோல் அவ்வாறு தளர்த்துவதில்லை என்றாலும், 1 மேக்கிற்குள் செவோஃப்ளூரேன் கொடுக்கும்போது இரண்டிற்கும் இடையே பெரிய வேறுபாட்டை நோயாளியிடம் காண்பது அரிது. செவோஃப்ளூரேன் நுரையீரல் அழற்சியைக் குறைக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

டெக்ஸ்மெடிடோமிடின் சேர்த்தபோது ஆக்சிஜன் அழுத்தம் ஓரளவு உயர்ந்ததாகப் பல சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. முகரும் மருந்தின் தேவையை அது குறைப்பதே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம் போதும். தொடக்க மருந்தை விரைவாகச் செலுத்தினால் நாடித்துடிப்பு சரியும். இதயம் வெளியேற்றும் ரத்தம் குறைந்தால், சிரை ரத்தத்தின் ஆக்சிஜனும் குறைந்து, கிடைத்த பயன் முழுவதும் போய்விடும்.

பதில் – மற்றொரு மயக்கவியல் மருத்துவர்

மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், இரு நுரையீரல்களுக்கும் தனித்தனியே காற்று செலுத்தும் டபுள் லூமன் டியூபைப் பாருங்கள். நோயாளியைச் சாய்த்த பிறகு அது இடம் மாறுவது மிகவும் சாதாரணம். இடப்பக்க டியூப் ஆழமாக இறங்கியிருந்தால் இடது மேல் மடலின் வாயை அடைத்துக்கொள்ளும். அப்போது நோயாளி கீழ் மடலை மட்டும் நம்பிச் சுவாசிக்க நேரிடும். ப்ராங்கோஸ்கோப்பை (மூச்சுக்குழாயைப் பார்க்கும் கருவி) உள்ளே விட்டால், டியூபின் நுனியருகே ஊதப்பட்டிருக்கும் நீலக் கஃப்பின் மேல் விளிம்பு, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடமான கரைனாவுக்குச் சற்றுக் கீழே தெரிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. டியூப் சரியான இடத்தில் இருந்தும் இறங்கினால் என்ன செய்வது?

பதில் – நெஞ்சக அறுவை மயக்கவியல் மருத்துவர்

100 சதவீத ஆக்சிஜனுக்கு மாறி, சளியை உறிஞ்சி எடுத்து, கீழ்ப்பக்க நுரையீரலை ஒருமுறை நன்கு விரித்துவிட்டு, 5 செ.மீ. நீர் அளவில் பீப் (மூச்சு வெளிவிட்ட முடிவிலும் நுரையீரலில் நிலைத்திருக்கும் அழுத்தம்) வையுங்கள். நாட்பட்ட புகைபிடிப்பால் காற்று தேங்கும் நுரையீரலாக இருந்தால் பீப் வைப்பதில் நிதானம் தேவை. மேல்பக்க நுரையீரலுக்குச் சிபாப் (தொடர்ந்து தரும் நேர்மறைக் காற்றழுத்தம்) கொடுப்பது நல்ல பலன் தரும். ஆனால் கேமரா வழி அறுவையில் விரிந்த நுரையீரல் பார்வையை மறைக்கும் என்பதால் அறுவை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இறக்கம் வேகமாக இருந்தால் எதற்கும் காத்திராமல் அறுவையை நிறுத்தச் சொல்லி, இரு நுரையீரல்களுக்கும் காற்றைக் கொடுங்கள்.