ஜர்னலுக்கு அனுப்பி வாங்கிக் கட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

நத்தைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். 2016. தீசிஸ் குடுக்க ஒரு பேப்பர் வேணும், கையில ஒண்ணும் இல்ல. அந்த நேரம் பாத்து "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு"ன்னு ஒரு மெயில். மெஸ் பாக்கி வச்சிருந்தவன் நான், பேராசிரியராம்! குளத்து நத்தை பேப்பர அனுப்பினேன். மூணாம் நாள் அக்செப்டட், கூடவே 150 டாலர் பில். ரிவ்யூ ஒரே வரி: "நல்ல கட்டுரை."

உறுத்துறது அது இல்ல. மெத்தட்ஸ்ல எனக்கு நானே மஞ்சள் அடிச்சு தமிழ்ல ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தேன்: "குவாட்ரட் சைஸ் மறந்துடுச்சு, ரூம்மேட் நோட்டப் பாரு." (குவாட்ரட்னா நத்தை எண்றதுக்கு வைக்கிற சதுரச் சட்டம்.) அப்படியே அச்சுல வந்துடுச்சு, மஞ்சளோட. இன்னிக்கும் கூகுள் ஸ்காலர்ல கிடக்கு. ரெண்டு பேர் தங்க பேப்பர்ல அத மேற்கோள் வேற காட்டியிருக்காங்க.

பாறைஓரம்:
சிரிச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க. என்னோடது பாறைப்பல்லி, கிழக்குத் தொடர்ச்சி மலை. ரிவ்யூவர் 2 பல்லி இருந்த இடத்தோட ஜிபிஎஸ் நாலு டெசிமல் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். குடுத்துட்டேன். மறு வருஷம் போனா, இடுக்குல இருந்த பலகைக்கல்லெல்லாம் பெயர்த்து மல்லாத்திக் கிடக்கு. அடிப்பக்கத்து மண்ணு ஈரம்கூடக் காயல. கூட வந்த அண்ணன் ஒவ்வொரு கல்லா எடுத்துத் திருப்பி வச்சாரு. ஒரு வார்த்த பேசல.

சதுப்புநிலம்:
@நத்தைக்காரன் ஏமாந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ரோ. காசு கட்டும்போதே தெரிஞ்சிருக்கும். காசு வாங்கிட்டு எதையும் போடுற ஜர்னல்களோட பீல் லிஸ்ட் அப்போ நெட்ல தானே இருந்துச்சு, 2017 ஜனவரியில தான எடுத்தாங்க.

என் அனுபவம்: எட்டு மாசம் காக்க வச்சு, ரிவ்யூவுக்கே அனுப்பாம எடிட்டரே டெஸ்க் ரிஜெக்ட். அவ்ளோதான்.

இனி அனுப்பப் போறவங்களுக்கு. யுஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட கேர் லிஸ்ட்ட 2025 பிப்ரவரியிலயே மூடியாச்சு, இன்னும் அதையே தேடாதீங்க. பிஎச்டிக்குப் பேப்பர் கட்டாயம்ங்கிறதையும் யுஜிசி 2022-ல எடுத்துடுச்சு. உங்க யுனிவர்சிட்டி தனியா விதி வச்சிருக்கலாம், ஆபீஸ்ல கேட்டுக்கங்க. யாரும் காசில்லாமப் படிக்கிற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்னா, அந்த மாதிரி ஜர்னல்கள சரிபார்த்துச் சேர்க்கிற டிஓஏஜே லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. எடிட்டோரியல் போர்டுல யாராவது ஒருத்தருக்கு நேரா மெயில் போடுங்க. தன் பேரு அதுல இருக்கிறதே தெரியாதவங்க உண்டு. நம்ம பக்கத்து உயிரினம்னா கோயம்புத்தூர்லேர்ந்து வர்ற ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸாவ முதல்ல பாருங்க. வெளிநாட்டு ஜர்னல்தான் ஜர்னல்னு நினைக்கிற கைடுங்கள என்ன சொல்ல.

@பாறைஓரம் 0.1 டிகிரிக்கு ரவுண்ட் பண்ணிக் குடுத்திருக்கணும். ஏறக்குறைய 11 கிமீ ஆயிடும், எவனும் கல்லு புரட்ட முடியாது. முழு ஜிபிஎஸ் எடிட்டருக்கு மட்டும் தனியா. கோனியூரோசாரஸ் லூயிங்கிற பல்லியோட கதை தெரியாதா? 1999-ல பேரு வச்சாங்க, விக்கிறதுக்குப் பிடிக்கிறவங்க, அது முதல்ல பதிவான இடத்துல அதை இல்லாமலே ஆக்கிட்டாங்க.

பாறைஓரம்:
தெரியும்ங்க. ரிவ்யூவருக்கு எழுதின பதில்லயே அதச் சொன்னேன். "இது இந்தியா, இங்க அந்தப் பிரச்சனை இல்ல"ன்னு வந்துச்சு. அடுத்த வாரம் ஃபெலோஷிப் முடியுது எனக்கு.

நத்தைக்காரன்:
@சதுப்புநிலம் ஆமா, தெரிஞ்சுதான் கட்டினேன். அம்மா சீட்டு எடுத்த காசு. இதுவரைக்கும் அவங்கட்ட சொல்லல.

@பாறைஓரம் பல்லி இருந்துச்சா?

பாறைஓரம்:
ரெண்டு. முன்னெல்லாம் ஒரே ராத்திரியில முப்பது எண்ணுவோம்.