மறு: ‘கோ-டிசைன்’ – ‘கூடிவகுத்தல்’ சரிவருமா?

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம். ஒரு சேவையைப் பெறுபவர்களும் தருபவர்களும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் திட்டமிட்டு மாற்றுவதை ஆங்கிலத்தில் ‘கோ-டிசைன்’ என்கிறார்கள். நம் பயிற்சிக் கையேட்டில் அதற்குத் தமிழில் ‘கூடிவகுத்தல்’ என்று போடலாம் என்பது என் யோசனை. அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘பங்கேற்பு வடிவமைப்பு’ என்றே வைத்துக்கொள்வோமே. எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், சரி. என்னவென்று புரியும் என்பதுதான் என் கவலை. நம் பக்கம் பங்கேற்பு என்றால் கூட்டத்துக்கு வந்து, உட்கார்ந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது என்று ஆகிவிட்டது. அமெரிக்காவின் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. இரண்டையும் ஒப்புக்குச் செய்வது என்றே அவர் வகைப்படுத்தினார். முடிவெடுப்பதில் பங்கு என்பது ஆறாம் படியில்தான் தொடங்குகிறது. நமக்கு வேண்டிய சொல் அந்தப் படியைச் சொல்ல வேண்டும்.

பால் பேட், கிளென் ராபர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-களின் நடுவில் இங்கிலாந்தின் லூட்டன் நகர ஆஸ்பத்திரியில், தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் செய்து பார்த்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்வதைப் படம் பிடித்தார்கள். ஊழியர்களிடமும் தனியே கேட்டார்கள். அப்புறம் இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து, எதை முதலில் மாற்றுவது என்று சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். மாற்றும் வேலையையும் சிறு சிறு குழுவாகச் சேர்ந்தே செய்தார்கள். குறை கேட்பதோடு நிற்காத இந்தக் கடைசிப் பகுதிதான் கோ-டிசைனின் உயிர்.

நம்மூரில் இது எப்படி இருக்கும்? முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுகர் பார்க்க வந்தால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். போக வர பஸ் நேரத்தையும் சேர்த்தால் அரைநாள் கூலி போய்விடும். எங்கே சாப்பிடுவது, அதுவரை எங்கே உட்காருவது, கடையில் பீடி ஒப்படைக்கும் நேரத்துக்குள் திரும்ப முடியுமா என்பதெல்லாம் அந்த அக்காமாருக்குத்தான் தெரியும். லேப்பில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பார்க்க முடியும் என்பது நர்ஸம்மாவுக்குத் தெரியும். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் முறையை மாற்றி எழுதினால், அதுதான் நாம் பெயர் தேடும் செயல்.

> ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. ‘ஊர்கூடி அமைப்பு’ எப்படி?

நல்ல யோசனை. ‘கூடி’யை அதிலிருந்துதான் எடுத்தேன். ஆனால் நெல்லையப்பர் கோயில் ஆனித்தேரில் வடம் பிடிப்பவர்களிடம் தேர் எப்போது கிளம்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்கவும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டே ஆகவேண்டும். அதனால் ‘கூடி’க்குப் பிறகு முடிவைக் காட்டும் வினை ஒன்று வேண்டும்.

‘இணைவடிவமைப்பு’ எனக்கு ஒட்டவில்லை. சுகாதாரத் துறைக்காரர் காதில் ‘இணை’ என்றதும் இணை இயக்குநர்தான் நினைவுக்கு வருவார், பதவி வரிசைபோல ஆகிவிடும். ‘கூட்டு வடிவமைப்பு’ என்றால் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து கார் தயாரிப்பதற்கும் பொருந்தும். ‘உடன்வகுத்தல்’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது இடம்விட்டு அச்சடித்தால் ‘உடனே வகுத்தல்’ என்று படிப்பார்கள்.

‘வகுத்தல்’ கணக்குப் பாடத்தை நினைவுபடுத்துகிறது என்று நம் குழு டீச்சர் சொன்னது உண்மை. ஆனாலும் திட்டம் வகுத்தார்கள், வியூகம் வகுத்தார்கள் என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம், அங்கே யாரும் குழம்புவதில்லை. சொல் வளைந்தும் கொடுக்கிறது: கூடிவகுத்தோம், கூடிவகுத்த நடைமுறை, கூடிவகுப்போர். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். ‘கூடிவகுப்பு’ என்று யாரும் சுருக்கிவிடக் கூடாது, பள்ளிக்கூட வகுப்பு ஆகிவிடும்.

பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போகுமுன் உங்கள் மறுப்புகள் வரட்டும். முக்கியமாக, குழுவில் உள்ள கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதைத் தங்கள் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அக்காமார் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் வேறு சொல் சொன்னால் அதையும் அப்படியே அனுப்புங்கள், அதையும் வைத்துப் பேசுவோம்.