வாத்தியக் குழுவோடு சினிமாப் பாட்டை நேரில் கேட்ட வன்னிச் சனம், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

கரைச்சியான்

கொழும்பில், தாமரைத் தடாகம் அரங்கில் நடந்தது. ராஜா பாட்டுகள் மட்டும். பாடகர்கள் இரண்டே பேர், மிச்சமெல்லாம் வயலின், வியோலா, செலோ என்று மேடை நிறைய ஆட்கள். கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்துப் போனோம். முறிகண்டியில் தேங்காய் உடைத்தது, கச்சான் வாங்கியது, வானுக்குள் எந்தப் பாட்டுப் போடுவது என்று சண்டை பிடித்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான், விடுவோம்.

எனக்கு இன்னும் அரிக்கிற இடம் ஒன்றுதான். நாலாவது பாட்டோ ஐந்தாவதோ, சரணம் தொடங்குகிறது. பாடகி மெல்லப் பாடுகிறா. அவவின் குரலுக்குக் கீழே செலோக்கள் வேறொரு மெட்டை வாசிக்கின்றன. சும்மா துணைக்கு இழுப்பது இல்லை, தனி மெட்டு. குரல் ஏறும்போது அது இறங்குகிறது, குரல் மூச்சு வாங்குகிற இடத்தில் அது நடக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்கிற பாட்டு. அதற்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் வாயைப் பிளந்துகொண்டிருக்க, பக்கத்தில் இருந்த மச்சான் என் தொடையில் ஒரு அடி போட்டுவிட்டு, பாதி மண்டபத்துக்குக் கேட்கும்படி சொன்னான்: "டேய், உது பாட்டில இல்லை. உவங்கள் புதுசாச் சேர்த்துப்போட்டாங்கள்!"

முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பி முறைத்தார்.

அவனைப் பிழை சொல்லவும் ஏலாது. நாங்கள் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த விதம் அப்படி. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசற் ஓடும். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் எஸ்.பி.பியும் களைத்துப்போவார். எங்களுக்கு அதுதான் அசல் பாட்டு. 2002 இல் பாதை திறந்து நல்ல செற்றுகள் வந்த பிறகும் காது பழைய பாட்டைத்தான் எதிர்பார்த்தது.

திரும்பி வந்து ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். இருக்கிறது. அச்சொட்டாக அதே மெட்டு, அதே இடத்தில். அவனுக்கும் போட்டுக் காட்டினேன். "இது பிறகு ரீமாஸ்டர் பண்ணினது" என்கிறான். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

தண்ணிமுறிப்பாள்

கரைச்சி அண்ணை, நீங்கள் கதிரையில் சாய்ந்திருந்து செலோ கேட்டிருக்கிறீர்கள், புண்ணியவான். நான் போனது யாழ்ப்பாணத்தில் திறந்தவெளி. எந்த நிகழ்ச்சி என்று சொல்ல மாட்டேன், போனவர்களுக்குத் தெரியும். அக்காவும் அவவின் மகளும் நானும் முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, சனத்தின் முதுகும் உயர்த்திப் பிடித்த போன்களும் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

பிள்ளையைத் தோளில் ஏற்றினேன். அவள்தான் எங்களுக்கு நேர்முக வர்ணனை. "சித்தி, ஒரு மாமா பெரிய வயலினை நிமித்தி வைச்சு வாசிக்கிறார்." "சித்தி, ஒரு அக்கா சும்மா நிக்கிறா." கொஞ்ச நேரம் போய், "அந்த அக்கா இன்னும் சும்மாதான் நிக்கிறா." பிறகு திடீரென்று என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கத்தினாள்: "அடிச்சிட்டா! ஒருக்கா டிங் எண்டு அடிச்சிட்டா! திரும்பவும் சும்மா நிக்கிறா!"

ட்ரையாங்கிள். அந்த டிங் எனக்கும் கேட்டது. பாட்டு முழுக்க அந்த ஒரு அடிக்காக ஒரு ஆள் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறா. வீடு வரும்வரை பிள்ளைக்கு ஒரே கேள்வி, அந்த அக்காவுக்கும் மற்ற ஆட்களுக்குக் குடுக்கிற அளவு காசு குடுப்பினமோ என்று. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

ஆனால் ஒன்று. அந்த டிங் தவிர நான் ஒழுங்காகக் கேட்டது எதுவும் இல்லை. பின்னால் நின்ற பெடியள் பல்லவி, சரணம், இடையிசை எல்லாவற்றையும் தொண்டை கிழியப் பாடினார்கள். பாட வந்தவர்கள் வீட்டிலிருந்து பாடலாமே. இருபது வயலினை மேடையில் ஏற்றிவிட்டு அதற்கு மேல் நாங்கள் கத்துவதென்றால் எதற்கு ரிக்கெற்?

அந்த மச்சான்

கரைச்சியான் சொன்ன மச்சான் நான்தான். ரீமாஸ்டர் என்று நான் சொன்னது பகிடிக்கு இல்லை. என்னிடம் இருந்த கசற்றில் அந்தச் செலோ கிடையாது. கொண்டுவா, போட்டுப் பார்ப்போம் என்கிறான். அந்தக் கசற் 2009 இல் வீட்டோடு எங்கே போனதென்று அவனுக்கும் தெரியும். ஆதாரம் இல்லை என்பதற்காக நான் தோற்றுவிட்டேன் என்று எழுத வேண்டாம்.

தங்கச்சி தண்ணிமுறிப்பாள், பாட்டு வாயில் வந்தால் பாடத்தான் வேணும். பெரிய சங்கீத வித்துவான் கச்சேரியா அது?

கீபோட்காரன்

மச்சான் அண்ணைக்குப் பாதி வெற்றி தரலாம். கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கீபோட் வாசிக்கிறவன் நான், கொஞ்சம் சொல்ல உரிமை இருக்கிறது.

செலோவின் ஆகக் கீழ்ச் சுரம் கிட்டத்தட்ட 65 ஹேர்ட்ஸ். டபிள் பேஸ் 41 வரை இறங்கும். டைனமோவில் ஓடிய அந்தச் சின்னப் பெட்டியின் ஸ்பீக்கர் 200க்குக் கீழே பெரிதாக ஒன்றும் தள்ளாது. மேலே எழும் கிளைச்சுரங்கள் கொஞ்சம் வந்திருக்கும், ஆனால் அவை குரலோடும் கிற்றாரோடும் ஒட்டிப்போயிருக்கும், தனி மெட்டு என்று பிரித்துப் பார்க்க ஏலாது. ஆக, கசற்றில் இருந்தது, அண்ணையின் காதுவரை வரவில்லை.

மற்றப் பாதி: இப்படியான நிகழ்ச்சிகளில் அசலில் இல்லாததைச் சேர்ப்பதும் உண்மைதான். சில வயலின்களோடு பதிவான பாட்டைப் பெரிய குழுவுக்கு விரிக்கும்போது, அதைச் செய்கிறவரின் கை சும்மா இருக்காது. ராஜா பாட்டில் அந்தத் தேவை குறைவு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்டேஷன் எழுதிக் கையில் கொடுக்கிறவர். நாங்கள் கோயிலில் அந்த இருபது வயலினுக்கும் 'ஸ்ட்ரிங்ஸ்' என்று ஒரே பொத்தான் வைத்திருக்கிறோம். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா எல்லாம் என் வலக்கை ஐந்து விரலுக்குள்.

என் கதை இதுதான். புளியம்பொக்கணைப் பக்கம் ஒரு திருவிழா, சாமம் தாண்டிவிட்டது. இரண்டாவது இடையிசை தொடங்கிய கையோடு ஜெனரேற்றர் நின்றது. மேடை இருட்டு, கீபோட் செத்துவிட்டது, ஒக்டபாட் என்கிற மின்மேளமும் செத்துவிட்டது. முன்னால் சாக்கு விரித்து இருந்த சனம் நிறுத்தவில்லை. வயலின் ஓட்டத்தை வாயால் பாடத் தொடங்கினார்கள். வரி இல்லாத இடம், வெறும் தனனான. பிறகு ஒரு பக்கத்துப் பெடியள் புல்லாங்குழல் பதில் சொல்லும் இடத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. சரணம் வரைக்கும் கொண்டுபோய்ப் பாடகனிடம் ஒப்படைத்தார்கள், அவன் மைக் இல்லாமலே பாடினான். ஜெனரேற்றர் வந்து நான் கை வைத்தால், சுருதி சேரவில்லை. சனம் அரைச் சுரம் ஏறி நின்றது! சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டி நான்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

அதனால் தண்ணிமுறிப்பாள் அக்கா, பாடுகிற சனத்தோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ரிக்கெற் வாங்கிய மண்டபத்தில் என்றால் நானும் உங்கள் கட்சிதான்.

ஹாமர்ஸ்மித் வன்னியன்

ஒட்டுசுட்டானில் பிறந்து லண்டனில் இருக்கிறேன். 2025 மார்ச் 8, ஈவன்டிம் அப்பல்லோ அரங்கு. ராஜாவின் சிம்பொனி 'வேலியண்ட்'. வாத்தியக் குழுவை மிக்கெல் டோம்ஸ் நடத்தினார். 1993 இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழுவுக்கு என்று ராஜா எழுதிய சிம்பொனி கடைசிவரை வெளியே வரவில்லை, ஆகவே இதற்கு நாங்கள் எத்தனை வருசம் காத்திருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாலு பகுதி. முதல் பகுதி முடிந்ததும் என் கை தானாக எழும்பியது. பக்கத்தில் இருந்த மைத்துனர் கையைப் பிடித்து அமத்திவிட்டார். "இங்க தட்டக்கூடாது, நாலும் முடியத்தான் தட்டலாம்." சரி என்று இருந்தேன். ஆனால் அங்கே இங்கே என்று சனம் தட்டத்தான் செய்தது. பிறகு சினிமாப் பாட்டுகள் வந்தபோது எல்லோரும் மனம்விட்டுத் தட்டினோம், நானும் தட்டினேன். ஆனால் அந்த முதல் பகுதிக்குத் தட்டவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது. சின்ன விசயம்தான். மைத்துனரோடு இன்றைக்கும் அதைப்பற்றிக் கதைக்க முடியவில்லை, உடனே ஐரோப்பிய நாகரிகம் என்று வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்.

பென்சன் வாத்தியார்

தம்பி ஹாமர்ஸ்மித், மைத்துனரிடம் சொல்லும்: 1778 இல் பாரிஸில் மோசார்ட்டின் சிம்பொனி வாசித்தபோது சனம் பகுதி முடிய அல்ல, பகுதிக்கு நடுவிலேயே கைதட்டியது. அதைப் பெருமையாகத் தகப்பனுக்குக் கடிதமும் எழுதினார். இடையில் தட்டாமல் இருப்பது பிறகு வந்த பழக்கம். நான் இப்படியான ஒரு நிகழ்ச்சிக்குத்தான் போயிருக்கிறேன், மாடிக்குக் கீழே கடைசி வரிசை, ஒன்றும் எடுபடவில்லை. அதனால் போகப்போகிறவர்களுக்குச் சில விசயங்கள்.

மலிவு என்று மாடிக்குக் கீழே பின்னால் இருக்காதீர்கள், மேலே உள்ள தட்டு சத்தத்தை மறித்துவிடும். முதல் வரிசையும் வேண்டாம். அங்கே உங்களுக்கு நேரே இருக்கிற ஒரு வயலின்காரர்தான் கேட்பார். நடு வரிசை, நடுக் கதிரை. திறந்தவெளி என்றால் மிக்சர் மேசை எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். சத்தத்தைச் சரிபார்க்கிற ஆள் தன் காதுக்குத்தான் சரிபார்ப்பார், அவர் காதுக்குப் பக்கத்தில் உங்கள் காது இருக்கட்டும். போகமுதல் பாட்டை ஒருமுறை ஹெட்போனில், குரலை விட்டுவிட்டு ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். கொழும்பு மண்டபங்களில் ஏசி குளிர் எலும்பில் ஏறும், சால்வை கொண்டுபோங்கள். ரயிலென்றால் திரும்பி வருகிற சீற்றையும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், நிகழ்ச்சி முடிந்து கோட்டை ஸ்ரேசனில் நின்று அந்தரப்படக்கூடாது. முறிகண்டிக் கச்சானை வானுக்குள்ளேயே தின்று முடியுங்கள். மண்டபத்துக்குள் கோது உடைக்கிற சத்தம், மெதுவான பாட்டில் மேளம் போலக் கேட்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ட்ரையாங்கிள், டிம்பனி இருக்கும் பக்கத்தைக் காட்டுங்கள், அலுப்புத் தட்டாது. இன்னுமொன்று, போனில் பதிவு செய்யாதீர்கள். செய்தாலும் ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

வட்டக்கச்சி வயல்காரன்

வாத்தியார் ஐயா, ஆலோசனை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் மிக்சர் மேசை விசயம் நல்லது.

நான் போகாத நிகழ்ச்சி பற்றிச் சொல்லலாமா? 2024 ஜனவரி, கொழும்பில் ராஜா. 27, 28 ஆம் திகதிகள். ரிக்கெற் கையில், வானும் பேசியாயிற்று. 25 ஆம் திகதி பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து யார் முன் சீற் என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் போனில் செய்தி வந்தது, பவதாரிணி இங்கே இலங்கையிலேயே போய்விட்டா என்று. தேசிய விருது வாங்கிய குரல், நாற்பத்தேழு வயது. தகப்பன் மேடைக்காக வந்த நாட்டில் மகள். யாருக்கும் வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எங்களில் ஒருவன் கேட்டான்: "அப்ப ரிக்கெற் காசு திரும்ப வருமே?"

அவன் கேட்டதில் பிழை இல்லை. கூலி வேலைக்குப் போகிறவன், அது அவனுக்குப் பெரிய காசு. கேட்ட நேரம்தான் அப்படி. அண்ணை ஒருவர் எழும்பி ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை அந்த இரண்டு பேரும் ஒரே வானில் ஏறுவதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக்கூட இரண்டு வான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மடுறோட்டுக்காரி

அம்மாவின் வைத்தியத்துக்குச் சென்னை போயிருந்த நேரம், தங்கியிருந்த வீட்டு ஆட்கள் ஒரு ரிக்கெற் மிச்சம் என்று கூட்டிப்போனார்கள். பெரிய குழு, சினிமாப் பாட்டு, அருமையான மண்டபம். பக்கத்துக் கதிரையில் ஒரு ஐயா, வயது அறுபது இருக்கும், ரசிகர் மன்றத்து ஆள் போல. நான் கதைத்ததைக் கேட்டுவிட்டு அன்பாகத்தான் கேட்டார்: "சிலோனாம்மா? அங்கெல்லாம் ராஜா சார் பாட்டு வருமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மன்னார்க் கரையில் இருந்துகொண்டு திருச்சி வானொலியைப் பக்கத்து வீடு போலக் கேட்ட பிள்ளை நான். பள்ளிக்கூட மணியைவிட அந்த அறிவிப்பாளர்களின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, விளக்கு அணைந்துவிட்டது.

அதற்குப் பதிலாக வேறு வேலை பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலும் இடையிசை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் பக்கம் சாய்ந்து, "இப்ப ஓபோ வரும்", "இப்ப வயலின் நிற்கும், தபேலா மட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் சிரித்தார். பிறகு தலையாட்டினார். இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் ஐயா இரண்டு வரிசை தள்ளிப் போய் இருக்கிறார்.

தண்ணிமுறிப்பாள் தங்கச்சி, என்னையும் திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டுங்கோ.