ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லை: என்ன வழி?

தமிழரசி
சிறையில் இருக்கும் ஒரு விசாரணைக் கைதிக்காகக் கேட்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்து கட்டட வேலை பார்த்தவர். வீட்டில் திருடியதாக முதல் வழக்கு. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர்கள் என்று உத்தரவாகி மூன்று வாரம் ஆகிறது. கையெழுத்துப் போட ஊரில் யாருமில்லை, வக்கீலும் இல்லை. எங்கே தொடங்குவது?

நெடுஞ்செழியன்
சிறைக் கண்காணிப்பாளரிடம். ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு அவர் தகவல் தரவேண்டும். இது உச்ச நீதிமன்றத்தின் 31.1.2023 உத்தரவு. தகவல் போயிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வக்கீலையும் இலவசமாக அங்கேயே கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். கைதியின் குடும்ப, வருமான நிலை பற்றி அவர்கள் தரும் அறிக்கைதான் நிபந்தனையைத் தளர்த்தும் மனுவுக்கு முதுகெலும்பு.

உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று அதே உத்தரவு பரிந்துரைக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1978 மோதிராம் தீர்ப்பையும் காட்டுங்கள். கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று அவரையும் மறுத்த வழக்கு அது. நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதித் தரும் உறுதியில், விடச் சொன்னார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நிபந்தனையை எழுதுவது கொடுமை.

ரஹீம்
ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்கான பண உதவி கிடைக்கும். ஆனால் உத்தரவு கேட்பது ஆள் ஜாமீன். பணம் வந்தாலும் கதவு திறக்காது. அதனால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த புதிய சட்டம்) பிரிவு 490-இன் கீழ், ஜாமீன்தாரருக்குப் பதில் பணம் கட்ட அனுமதி கேளுங்கள். அந்த உத்தரவோடு திட்டத்தின் மாவட்டக் குழுவிடம் போனால்தான் திட்டம் பயன்படும்.

கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்பவர்களை நம்பவேண்டாம். ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றார் என்பதை ஜாமீன்தாரர் உறுதிமொழியில் சொல்லியாக வேண்டும். அது பொய்யென்று தெரிந்தால் ஜாமீனே போய்விடக்கூடும்.

நெடுஞ்செழியன்
ரஹீம் சொன்ன 490 நல்ல வழி. தளர்த்தும் மனுவிலேயே மாற்றுக் கோரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள்.

கயல்விழி
இன்னொன்று. அதே சட்டத்தின் பிரிவு 479-படி, இதற்கு முன் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாக உள்ளே கழித்தால் ஜாமீனில் விடவேண்டும். வீட்டுத் திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு என்பதால், கணக்கு 2 ஆண்டு 4 மாதம் வரும். அதை நம்பிக் காத்திருக்க முடியாது. தவிர, வேறு வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தாலே அந்தச் சலுகை கிடையாது. சின்னச் சின்ன வழக்குகள் அடுக்கப்படும் ஏழைகளுக்குத்தான் இந்த விதிவிலக்கு இடிக்கிறது.

ஆகவே மனுப் போடுமுன் சிறையில் பி.டி. வாரண்ட் (வேறு வழக்கில் கைதியை ஆஜர்படுத்தச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு) ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருந்தால், இந்த ஜாமீன் சரியானாலும் அவரை விடமாட்டார்கள்.